விஜயதசமிப் பூமாரி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேம்புலி படியேறி வந்தபோது ரவிச்சந்திரன் ஸ்டூல் மேல் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில் அந்த அலுவலகம். பெயர்ப்பலகையில் வடிவு என்ற பெயரும் ‘விபத்து ஆய்வாளர்’ என்ற சொல்லும் மட்டும் இருக்கும். பதினெட்டு வருஷம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் தரப் பரிசோதகராக இருந்தவள் வடிவு. அந்தக் கம்பெனியை இழுத்து மூடியதும், மிஷினில் கை போனது யாரால், பாய்லர் வெடித்தது எதனால் என்று பார்த்து அறிக்கை எழுதும் வேலைக்கு வந்துவிட்டாள். ரவிச்சந்திரனுக்குத் தொழில் ஆட்டோ ஓட்டுவது, ஆசை துப்பறிவது. அந்த ஆசைக்காகத்தான் வாரத்தில் மூன்று நாள் சவாரியைக் கோட்டைவிட்டுவிட்டு இங்கே வந்து விசிறி துடைக்கிறான்.

வேம்புலி நாற்காலியில் உட்காரவில்லை. ஐம்பது வயதிருக்கும். விரல் நுனிகள் இரும்புத் தூள் ஏறிக் கறுத்திருந்தன.

“மேடம், எம்பையன் ரெண்டு நாளா சோறு துன்னல. பேச்சும் இல்ல. நீங்க ஒரு வாட்டி வந்து பாத்தீங்கன்னா உண்மை இன்னான்னு தெரிஞ்சிடும்னு சொன்னாங்க.”

“உக்காருங்க. முதல்லேந்து சொல்லுங்க” என்றாள் வடிவு.

மெல்ல மெல்லக் கதை வந்தது. மகன் கிஷோர், டிப்ளமோ முடித்தவன். நாலு வருஷமாக அவனுக்கு ட்ரோன் பைத்தியம். மேனாம்பேட்டில் இவர்கள் இருக்கும் காலனி வீட்டு மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதற்கு நேர் மேலே ட்ரோன் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும் என்று பழக்குவான். காற்றடித்தாலும் ஒரு சாண் தள்ளாது. அந்த வித்தையைப் பார்த்துத்தான் அம்மன் கோயில் தர்மகர்த்தா நாகேந்திரன், விஜயதசமி ஊர்வலத்தில் சாமிக் குடைக்கு நேர் மேலே நின்று பூ கொட்ட வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டார். காலனிப் பையன் ஒருவனைக் கோயில் காரியத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“கூப்ட்டாங்கன்னு எங்க தெருவே பூரிச்சுப் போச்சு மேடம். நானும் விடுவனா? முன்னாடி நாளு புதங்கெயம ஆயுத பூஜை பாருங்க, ட்ரோனை எங்க கம்பெனிக்கு எடுத்தும் போயி, நம்ம சாமானோட சாமானா வெச்சுக் கும்ட்டேன். விஜயதசமி காலைல ஆறு மணிக்கு, டவல்ல சுத்திக் கொயந்தைய தூக்கியாறா மாதிரி கோயிலுக்குத் தூக்கியாந்து அவங்கையில குட்த்தேன்.”

“நீங்க என்ன வேலை?”

“சர்ஃபேஸ் கிரைண்டரு, இரும்பத் தேச்சு மட்டம் பண்றது. இருவத்திரெண்டு வருசம்.” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது.

ஏழே காலுக்கு ட்ரோன் மேலே போனது. போய் நிற்கவில்லை. வட்டமடித்தது. ஒவ்வொரு வட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, நாலாவது வட்டத்தில் பக்கத்து மாடிமேல் பாய்ந்தது. அங்கே பூத்தட்டோடு நின்ற நாகேந்திரனின் மகள் சுவேதாவின் இடது கண்ணோரம் இறக்கை கிழித்தது. பதினாறு வயதுப் பெண். பாதிப் பார்வைதான் திரும்பும் என்கிறார் டாக்டர்.

“வேணும்னே விட்டான்னு நாகேந்திரன் எழுதிக் குட்த்துகீறாரு. இன்ஸ்பெக்டரு நல்ல மனுசன். திங்கக்கெயம வரிக்கும் எஃப்.ஐ.ஆர். போட மாட்டேன், அதுக்குள்ள ஒரு டெக்னிக்கல் ரிப்போர்ட்டு கொண்டான்றாரு. பையனுக்கு பெங்களூர்ல ட்ரோன் கம்பெனியில வேலை வந்துகீது மேடம். ஒண்ணாந்தேதி சேரணும். கேசுன்னு ஒண்ணு எய்திட்டா அத்தோட பூட்ச்சு.”

“கிஷோர் என்ன சொல்றான்?”

“‘எந்தப்புதான்’றான். வேற ஒரு வார்த்தை வாயத் தொறக்கல. அவந்தப்பு பண்ற புள்ள இல்ல மேடம்.”

அவர் படியிறங்கியதும் ரவிச்சந்திரன் ஸ்டூலிலிருந்து குதித்தான். “மேடம், இது பெரிய ஊட்டு வேலை. காலனிப் பையன் கோயிலுக்குள்ள பேர் வாங்கிட்டா வவுறு எரியாதா? எவனோ காந்தத்த கீந்தத்த ஒட்டி உட்டுட்டான்.”

“பெத்த பொண்ணு கண்ணைக் குத்திக்கவா?”

“அது எதிர்பாக்காம ஆயிடுச்சு” என்றான் ரவி. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் அவன். யார் வீட்டுத் திண்டாட்டத்துக்கு யார் காரணம் என்று அவனுக்கு விசாரிக்காமலே தெரியும். அதுதான் அவனிடம் உள்ள கோளாறு.

உடைந்த ட்ரோன் கோயில் சாமான் அறையில் ஒரு சாக்கின் மேல் கிடந்தது. நாகேந்திரன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். தூங்காத முகம்.

“பாருங்க, நல்லாப் பாருங்க. போனாப் போவுதுன்னு ஒரு தடவை உள்ள விட்டோம். எம்பொண்ணு கண்ணு போச்சு.”

அந்த ‘போனாப் போவுது’ ரவியின் காதில் முள்ளாகத் தைத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவனை வடிவு ஒரு பார்வையில் அடக்கிவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள்.

நாலு கை, நாலு விசிறி. அதில் இரண்டு உடைந்திருந்தன. உடம்பின் நடுவிலிருந்து அரையடி உயரத்துக்கு ஒரு கம்பு நின்றது. அதன் உச்சியில் பிஸ்கட் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு, தட்டின் மேல் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. கோயில் வாசல் மணல் எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தது. வடிவு பிரஷ்ஷால் தட்டத் தட்ட மணல் உதிர்ந்தது. தட்டின் அடியில் மட்டும் உதிரவில்லை. தட்டைக் கம்போடு பிடித்திருந்த ஸ்க்ரூக்களின் தலையைச் சுற்றி மை போலக் கறுத்த பொடி மயிர் மயிராகச் சிலிர்த்து நின்றது.

“ஆயில் பிசுக்கு மேடம். மண்ணு ஒட்டிக்கிச்சு” என்றான் ரவி.

வடிவு பூதக்கண்ணாடியை வைத்து ஸ்க்ரூ தலைகளை வெகுநேரம் பார்த்தாள். நாலு துளையில் மூன்றில்தான் ஸ்க்ரூ இருந்தது. நாலாவது துளை பிய்ந்து போகாமல், மரை சிதையாமல், சுத்தமாக இருந்தது.

“விழுந்த உடனே இதைத் தொட்டது யாரு?”

“அவந்தான்” என்றார் நாகேந்திரன். “எம்பொண்ணு ரத்தத்தோட கெடக்கறா, இவன் மாடியேறி வந்து அந்த மிஷின் மேல குனிஞ்சு என்னவோ நோண்டிக்கிட்டிருக்கான். நாலு பேரு சேர்ந்து இழுத்துப் போட்டோம். அதுக்கப்புறம் இந்த ரூமுக்குப் பூட்டு போட்டாச்சு. வேணும்னே பண்ணலேன்னா எதுக்கு அங்க உக்காந்து நோண்டணும்?”

இது நல்லதற்கில்லையே என்று ரவி நினைத்துக்கொண்டான்.

வடிவு ட்ரோனின் வயிற்றிலிருந்து விரல்நகம் அளவு மெமரி கார்டையும் தட்டின் அடியிலிருந்து மூன்று ஸ்க்ரூக்களையும் கழற்றி, எடுத்ததற்குச் சீட்டெழுதி நாகேந்திரனிடம் கையெழுத்து வாங்கினாள். நாகேந்திரனின் மகன் ஹேமநாதன் தன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கிஷோரின் மாடியில் நாலைந்து தடவை போய் நின்று ட்ரோன் பார்த்தவன்தான். அன்றைக்கு ஸ்க்ரீன் பார்த்துக்கொள்கிற வேலை அவனுடையது. ஒரு கையில் டேப்லெட், ஒரு கையில் போன்.

வீடியோவில் தவில் சத்தம் காதைப் பிளந்தது. “நல்ல நேரம் போவுதுப்பா, சாமி தூக்கியாச்சு!” என்று நாகேந்திரனின் குரல். ரிமோட்டை இரண்டு கையிலும் பிடித்திருந்த கிஷோர், “ஸ்டார்ட் ஆவலயே, இன்னா வருது பாரு” என்கிறான். “ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல, இப்போ ஏத்து” என்று போனுக்கு மிக அருகில் ஒரு குரல். விசிறிகள் சுழன்றன. ட்ரோன் நேராக மேலே போய், பனை உயரத்தில் தள்ளாடி, வட்டமடிக்க ஆரம்பித்தது.

“மேடம், தோ பாரு ஸ்பீக்கர் பாக்ஸ்!” என்று ரவி திரையில் விரல் வைத்தான். “ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குமே. அதான் இழுத்துகீது!”

“ஸ்பீக்கர் தரையில இருக்கு. தரையில இருக்கற காந்தம் தரைகிட்டதான் வேலை செய்யும். பனை உயரத்துக்குப் போனதும் சரியாயிருக்கணும். இது மேல போகப் போகத்தானே கெட்டுது?” வடிவு போனைத் திருப்பிக் கொடுத்தாள். “கெடுதல் கீழ இல்ல ரவி. அதுகூடவே பறந்திருக்கு.”

ஹேமநாதன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காலேஜ் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான். சனிக்கிழமையும் அதுவுமாக என்ன காலேஜ் என்று ரவிக்குத் தோன்றியது.

கிஷோர் மொட்டை மாடியில் அந்தச் சாக்பீஸ் வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இருபத்துமூன்று வயதுப் பையன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வட்டத்துக்குள் மழை பெய்து அழிய அழியத் திரும்பத் திரும்பப் போட்ட கோடுகள்.

“இதுக்கு மேல எப்படி நிக்க வெச்ச?” என்று வடிவு சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலக் கேட்டாள்.

அதைக் கேட்டதும் பையனுக்கு வாய் திறந்துகொண்டது. தன் வேலையைப் பற்றிக் கேட்டால் எந்தத் தொழில்காரன்தான் பேசாமல் இருப்பான்?

“ட்ரோனுக்கு ரெண்டு விசயம் தெரியணும் மேடம். தான் எங்க இருக்கோம், மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கு. எங்கன்றத ஜி.பி.எஸ். சொல்லும். மூஞ்சிய காம்பஸ் சொல்லும். காம்பஸ் பொய் சொல்லிச்சுன்னா அவ்ளோதான். காத்து கெழக்கால தள்ளும், இது மேற்கால போறேன்னு நெனச்சுகினு தெக்கால போவும். அத்த சரி பண்றேன்னு இன்னும் தள்ளிப் போவும். அப்டியே சுத்திகினு பூடும்.”

“பொய் சொல்லாம இருக்க என்ன பண்ணின?”

அவன் ஒரு நோட்டை நீட்டினான். பொடி எழுத்தில் நாலு வருஷ உழைப்பு அதில் இருந்தது. கரண்ட் ஒயரிலிருந்து விலகியிருக்க காம்பஸ் தட்டைக் கம்பு போட்டு அரையடி உயர்த்தியது. ஒயர்களை முறுக்கி விட்டது. பதினாலு சாட்டிலைட் கிடைக்கும்வரை கிளப்பாமல் காத்திருப்பது. பறக்கிற இடத்துக்கே போய் ட்ரோனைக் கையில் தூக்கி ஆறு பக்கமும் சுற்றிக் காம்பஸ்ஸைப் பழக்குவது. அதைப் பார்த்துவிட்டுத் தெருப் பெண்கள், “இன்னாடா, மிஷினுக்கு சுத்திப் போடறியா?” என்று கிண்டல் பண்ணுவார்களாம். செவ்வாய்க்கிழமை கோயில் வாசலிலேயே அதைச் செய்து, கால் மணி நேரம் குடைக்கு நேராக நிறுத்தியும் காட்டியிருக்கிறான். நோட்டின் ஒரு பக்கத்தில் ‘நைலான் ஸ்க்ரூ மட்டும்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

வடிவு நோட்டை மூடினாள். “தட்டுக்கு அடியில என்ன ஸ்க்ரூ போட்டிருந்த?”

கிஷோர் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தான்.

“சாதா... சாதா இரும்பு ஸ்க்ரூதான் மேடம். நைலான் ஒடஞ்சிப் போச்சு. நாந்தான் மாத்தினேன். எந்தப்புதான்.”

“எப்ப மாத்தின?”

“செவ்வாக்கெயம.”

“பறக்க விட்டுக் காட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

கீழே வேம்புலி டீ வாங்கிக்கொண்டு படியேறி வரும் சத்தம் கேட்டது. கிஷோர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எந்தப்புனு எய்திக்கோங்க மேடம். அப்பாகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க” என்றான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ரவி ஓயாமல் பேசினான். “பையன் பொய் சொல்றான் மேடம். எவனோ மெரட்டி வெச்சுகீறான். அந்த ஹேமநாதன் மூஞ்சியே சரியில்ல. நான் வோணா அவனத் தூக்கியாந்து ரெண்டு தட்டு தட்டட்டா?”

“ரவி, நாளைக்குச் சாயங்காலம் நாகேந்திரன் வீட்டுக்கு எல்லாரையும் வரச் சொல்லு. வேம்புலியையும்தான்.”

“கண்டுபுட்ச்சிட்டீங்களா?”

“அந்த ஸ்க்ரூவைப் பார்த்தப்பவே தெரிஞ்சிடுச்சு. வேற மாதிரி இருந்துடாதான்னுதான் இவ்வளவு தூரம் சுத்தினேன்” என்றாள் வடிவு. பத்து வருஷத்தில் அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணி. நாகேந்திரன் வீட்டுக் கூடத்தில் சோபாவில் நாகேந்திரனும் ஹேமநாதனும், உள்ளறை வாசலில் நாற்காலி போட்டு, கண்ணில் கட்டோடு சுவேதா. வேம்புலியும் கிஷோரும் சுவரோரம் நின்றார்கள். ‘உக்காருங்க’ என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பார்த்து ரவியும் உட்காராமல் அவர்களோடு போய் நின்றுகொண்டான்.

வடிவு டீப்பாயின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, கழற்றி வந்த மூன்று ஸ்க்ரூக்களையும் வைத்தாள். பையிலிருந்து குண்டூசி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் கொண்டுபோனாள். குண்டூசி துள்ளிப்போய் ஸ்க்ரூவில் ஒட்டிக்கொண்டது.

“காந்தம் ஏறின ஸ்க்ரூ. இது மூணும் காம்பஸ்ஸுக்கு நேர் அடியில இருந்திருக்கு. கோயில் மணல்ல இருக்கற இரும்புப் பொடி இதுல மட்டும் மயிர் மாதிரி நின்னுச்சு. எண்ணெய்ப் பிசுக்குன்னா மணலும் சேர்ந்து ஒட்டியிருக்கும். இந்தக் காந்தந்தான் ட்ரோனுக்குத் திசையைத் தப்பாச் சொன்னது. செவ்வாக்கிழமை ட்ரோன் கால் மணி நேரம் அசையாம நின்னதை ஊரே பார்த்திருக்கு. அப்ப இது இல்ல. விஜயதசமி வியாழக்கிழமை இருந்துது. நடுவுல வந்திருக்கு.”

“நானே புதங்கெயம மாத்தினேன்” என்றான் கிஷோர் அவசரமாக.

“நேத்து செவ்வாய்னு சொன்ன. புதன்கிழமை ட்ரோன் உன்கிட்ட இல்லவே இல்லப்பா.” வடிவின் குரல் உயரவில்லை. “நைலான் மட்டும்னு ரெண்டு கோடு போட்டு எழுதினவன், இரும்பைக் கையாலயும் தொட மாட்டான். விழுந்ததும் மாடிக்கு ஓடிப் போய் நீ நோண்டினது இந்த ஸ்க்ரூவைத்தான். நாலையும் கழட்டிடப் பார்த்திருக்க. ஒண்ணைக் கழட்டறதுக்குள்ள உன்னை இழுத்துட்டாங்க. அதனாலதான் அந்தத் துளை மட்டும் சிதையாம இருக்கு. யார் போட்ட ஸ்க்ரூன்னு பார்த்த ஒடனே உனக்குத் தெரிஞ்சிடுச்சு. எனக்கும் அப்படித்தான்.”

அவள் ஒரு ஸ்க்ரூவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். “தலை கடையில வாங்கறதுல பாதி உயரம்தான் இருக்கு. மீதியை ஒருத்தர் தேச்சு எடுத்திருக்கார். கனம் குறையணும்னு. கண்ணாடி மாதிரி பினிஷ். மூணையும் மைக்ரோமீட்டர்ல வெச்சுப் பார்த்தேன், ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. இதை சர்ஃபேஸ் கிரைண்டர்ல போட்டாத்தான் வரும். அந்த மிஷின்ல சாமானைப் பிடிச்சு நிறுத்தறது கிளாம்ப் இல்ல, காந்த மேடை. அதுல ஏறி இறங்கின இரும்புக்கெல்லாம் காந்தம் ஏறும்.”

வேம்புலி சுவரிலிருந்து விலகி நடந்து வந்தார். குனிந்து ஸ்க்ரூவை எடுத்தார். கறுத்த விரலால் தலையைத் தடவிப் பார்த்தார்.

“இது என்னுது” என்றார்.

இரண்டு நாளாக யார் யார் முகத்தையோ அந்த இடத்தில் வைத்துப் பார்த்த ரவிக்கு இந்த முகம் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“அப்பா, சும்மாரு” என்றான் கிஷோர்.

“நீ சும்மாருடா. மேடம், புதங்கெயம பூஜைக்குத் தொடச்சு வெக்க எடுத்தேன். அடியில பாத்தா ப்ளாஸ்டிக் ஸ்க்ரூ. எனுக்கு மனசே கேக்கல மேடம். ஒரு கோயில் காரியம், இத்தப் போயி ப்ளாஸ்டிக்ல முடுக்கி வெச்சுகீறானே, வானத்துல கயண்டு வியுந்தா நாலு பேரு மேல படுமேன்னு... நல்ல ஹார்டு ஸ்க்ரூ நாலு எடுத்து, தலைய எறக்கி, அளவு பாத்து...” அவர் நிறுத்தினார். “நீங்க யாரும் ஸ்க்ரூவப் பத்திக் கேக்கலியே மேடம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

“தெரியும். இருபத்திரெண்டு வருஷ ஆளு நீங்க. கிரைண்டர்லேந்து எறக்கினா காந்தம் எடுக்கணும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. டீமேக் பொட்டி மேல வெச்சு எடுக்காம ஒரு பீஸ்கூட வெளிய விட்டிருக்க மாட்டீங்க. அன்னிக்கு மட்டும் ஏன் எடுக்கல?”

வேம்புலி ஸ்க்ரூவை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

“டீமேக்கு பூஜைல இருந்துச்சு மேடம். அலம்பி, சந்தனம் பூசி, பொட்டு வெச்சு, வரிசைல வெச்சுட்டேன். படைச்ச சாமான மறுநாளு வரிக்கும் எடுக்கக் கூடாதுல்ல? கிரைண்டிங் மிஷினுக்கு மட்டும் இன்னும் பொட்டு வெக்கல. சரி, நாலு ஸ்க்ரூ, துக்குனூண்டு, இதுல இன்னாத்த காந்தம் ஏறிடப் போவுதுன்னு...”

“ஆக, அப்பன் ஸ்க்ரூவ மாத்தினான், புள்ள பாக்காமப் பறக்க விட்டான்” என்று நாகேந்திரன் எழுந்தார். “எம்பொண்ணு கண்ணுக்கு ரெண்டு பேருமா சேர்ந்து பதில் சொல்லட்டும்.”

“உக்காருங்க. இன்னும் முடியல.” வடிவு ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். “ட்ரோன் தானே எழுதி வெச்ச பதிவு இது. அதோட மெமரி கார்டுல இருந்துது. ஏழு பதினஞ்சுக்கு கிஷோர் ரிமோட்ல ஸ்டார்ட் குடுக்கறான். ட்ரோன் கிளம்பல. காம்பஸ் சரியில்லன்னு டேப்லெட்டுக்கு எச்சரிக்கை அனுப்புது. ‘நிறுத்து’, ‘பரவாயில்லை, கிளம்பு’ன்னு ரெண்டு பட்டன் வரும். ஏழு விநாடி கழிச்சு ‘கிளம்பு’ன்னு உத்தரவு வருது. ரிமோட்லேந்து இல்ல, டேப்லெட்லேந்து. கிஷோரோட ரெண்டு கையும் ரிமோட்ல இருக்கறது வீடியோவுல தெரியுது. ‘இன்னா வருது பாரு’ன்னு அவன் கேட்டதும் தெரியுது. ‘ஒண்ணுமில்ல’ன்னு சொன்ன குரலும் அதுலயே இருக்கு.”

எல்லாருடைய பார்வையும் ஹேமநாதன் மேல் போனது. அவன் தரையைப் பார்த்தான்.

“அப்பா கத்திக்கிட்டே இருந்தாரு... நல்ல நேரம் போவுதுன்னு. ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சா சில சமயம் அப்படித்தான் வரும்னு கிஷோரே ஒரு தடவை சொல்லியிருக்கான். அதான்னு நெனச்சேன்.”

“மூணு நாளா ஏன்டா சொல்லல?” என்று கேட்டது சுவேதா. கட்டுப் போடாத கண் அண்ணனையே பார்த்தது. “அவங்கதான் வேணும்னே பண்ணாங்கன்னு எங்கிட்டகூடச் சொன்னியே.”

நாகேந்திரன் தொண்டையைச் செருமினார். அவர் குரல் சட்டென்று இறங்கியிருந்தது.

“சின்னப் பையன். கூட்டத்துல பதட்டம். அதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுதணுமாம்மா?”

“நடந்ததெல்லாம் இருக்கும். அப்பன் போட்ட ஸ்க்ரூவும் இருக்கும், உங்க பையன் அமுக்கின பட்டனும் இருக்கும். புகார் இருந்தா ரிப்போர்ட் ஸ்டேஷனுக்குப் போகும். புகார் இல்லேன்னா ரிப்போர்ட்டுக்கு வேலை இல்ல.”

நாகேந்திரன் மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

“காலைல போய் வாபஸ் வாங்கிடறேன்” என்றார். “எல்லாம் கெட்ட நேரம். யாரைச் சொல்லி என்ன?”

மூன்று நாளாக யாரை யாரையெல்லாமோ சொன்ன வாய்தான் அது. ரவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போனாப் போவுதுன்னு உள்ள விட்டதா சொன்னீங்களே சார், அத்தயும் வாபஸ் வாங்கிக்குவீங்களா?” என்று கேட்டே விட்டான். “அடுத்த வருஷத்துலேந்து கையாலயே பூ போட்டுக்கறோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நாகேந்திரன் உள்ளே போனார்.

கிஷோரின் வேலை தப்பித்தது. ரவி அதைச் சொல்லி அவன் தோளைத் தட்டினான். “ஒண்ணாந்தேதி பெங்களூர் போறடா நைனா. நாந்தான் ஆட்டோல சென்ட்ரலுக்கு இட்டும் போறேன்.” பையன் தலையாட்டினான். ஆனால் அவன் கண் தெருமுனையில் இருந்தது. அங்கே வேம்புலி விளக்குக் கம்பத்தடியில் தனியாக நின்று, மூடிய கையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூவைத் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தார்.

“அவர்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் நான் பழிய ஏத்துகினேன்” என்றான் கிஷோர் வடிவிடம். “நீங்க சொல்லிட்டீங்க.”

“சொல்லலேன்னா நாளைக்கு உன்மேல கேஸ்.”

“தெரியும்” என்றான் அவன். நன்றி சொல்லவில்லை. நேராக அப்பாவிடம் போய் நின்றான்.

வடிவு ஆட்டோவில் ஏறும்போது வேம்புலி பக்கத்தில் வந்தார்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு. தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன். அன்னிக்கு அந்த டீமேக்க எடுத்து, இந்த நாலு ஸ்க்ரூவயும் அது மேல வெச்சு எடுத்திருந்தா, ட்ரோன் ஒயுங்கா நின்னிருக்குமா?”

சொல்லாதே மேடம், என்று ரவி மனசுக்குள் கத்தினான். தெரியலேன்னு சொல்லு, நைலான்னு சொல்லு, இரும்புன்னாலே கோளாறுதான்னு எதையாவது சொல்லிட்டு வண்டியில ஏறு.

“நின்னிருக்கும்” என்றாள் வடிவு.

“எத்தினி நேரம் வெக்கணும்?”

“உங்களுக்கே தெரியுமே.”

“ஆமா” என்றார் வேம்புலி. “ரெண்டு செகண்டு.”

அவர் அந்த ஸ்க்ரூவை அவள் கையில் வைத்துவிட்டு மகனோடு நடந்து போனார். அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் ரவிச்சந்திரன் வாய் திறக்கவில்லை. கோபம் யார் மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. இறங்கும்போது வடிவு ஏதோ சொல்ல வந்தாள். அவன் காதில் விழாத மாதிரி வண்டியைத் திருப்பிக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டான்.